மலை விழுங்கிய விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் சாலை அளவைப் பணியில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த மலைகளில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் இன்னும் கிடக்கின்றன என்று ஊர் திரும்பிய பிறகு யாரிடம் சொன்னாலும், அவர் அடுத்த அரை மணி நேரம் என்னை விடுவதில்லை. கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பேச அழைத்தாலும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தாம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன்.

இந்திய மலைகளில் போர் விமானங்கள் விழுந்தனவா? பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லையே?

விழுந்தன, நூற்றுக்கணக்கில். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. லாஷியோ நகரம் கைமாறியதும், சீனாவுக்கு மீதமிருந்த ஒரே தரைவழியான பர்மா சாலை மூடிப்போனது. சீனப் படைக்கும் அங்கிருந்த அமெரிக்க வான்படைக்கும் பெட்ரோல், தோட்டா, மருந்து, உதிரிப் பாகம் எல்லாமே வானத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தது. அசாமில் சபுவா, தின்ஜான், மோகன்பாரி, ஜோர்ஹாட் போன்ற இடங்களில் விமானத் தளங்கள் அமைந்தன. அங்கிருந்து கிளம்பி, சுமார் 800 கி.மீ. தள்ளி யுன்னான் மாகாணத்தில் இருக்கும் குன்மிங்கில் இறங்குவார்கள்.

இடையில் பட்காய் மலைத்தொடர். அதைத் தாண்டினால் ஐராவதி, சால்வீன், மீகாங் ஆறுகளுக்கு நடுவே ஒன்றைவிட ஒன்று உயர்ந்த மலைச்சுவர்கள். சில முகடுகள் 15,000 அடி. இந்த முதுகைத்தான் விமானிகள் ‘ஹம்ப்’ என்றார்கள், அதாவது திமில். 1942-இல் தொடங்கி 1945-இல் போர் முடியும்வரை இந்த வழியில் ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு போனது.

எத்தனை விமானங்கள், எத்தனை பேர்?

கணக்கு எடுத்தவரைப் பொறுத்து எண் சற்று மாறும். பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் 600 விமானங்கள். இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 1,600-க்கும் மேல். சுமார் 1,200 பேர் மீட்கப்பட்டோ நடந்தோ உயிருடன் திரும்பினார்கள்.

விழுந்த இடங்கள் இன்றைய அருணாசலம், அசாம், நாகாலாந்து, மியான்மர், யுன்னான், திபெத் என்று பரவிக் கிடக்கின்றன. வெயில் பட்டால் கீழே உலோகம் பளபளக்கும் என்பதால், அந்த வழியையே ‘அலுமினியத் தடம்’ என்று அழைத்தார்கள். இருபது வயதுப் பையன்கள் அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு நாளும் அதன்மேல் பறந்தார்கள்.

எல்லாவற்றையும் ஜப்பானியர்கள் சுட்டு வீழ்த்தினார்களா?

இல்லை. சிலவற்றைச் சுட்டார்கள். வட பர்மாவின் மியிச்சினாவில் ஜப்பானியப் போர் விமானங்கள் இருந்தவரை அந்த ஆபத்து உண்மையானது. அவற்றுக்குத் தப்பத்தான் சரக்கு விமானங்கள் இன்னும் வடக்கே, இன்னும் உயரமான மலைகளின் மேல் போக நேர்ந்தது. 1944 மே மாதம் மியிச்சினா விமானத் தளமும் ஆகஸ்டில் நகரமும் மீட்கப்பட்ட பிறகு தெற்கே தாழ்ந்த வழி திறந்தது. ஆனால் மொத்த இழப்பில் பெரும் பங்கு எதிரியால் வந்தது கிடையாது.

பிறகு எதனால்தான் விழுந்தன?

முதற்காரணம் பனி உறைதல். ஈரமான மேகத்துக்குள் போகும்போது இறக்கையின் முன்விளிம்பில் பனிக்கட்டி படிகிறது. எடை கூடும் என்பது ஒரு தொல்லை. இறக்கையின் வடிவம் கெட்டு, தூக்கும் விசை போய்விடும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தைச் சரக்குக்காக மாற்றிய சி-87 இதில் மிக மோசம் என்று பெயரெடுத்தது. கர்டிஸ் சி-46 விமானத்தில் கார்புரேட்டரிலேயே பனி கட்டி எஞ்சின் திணறியது. அந்த விமானம் முழுச் சோதனை முடியும் முன்பே இங்கே அனுப்பப்பட்டது.

இரண்டாவது காற்று. மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் வீசும் காற்று மலைச்சுவரில் மோதி மேலும் கீழுமாகப் புரளும். ஒரு நிமிடத்தில் சில ஆயிரம் அடி கீழே இழுக்கப்பட்டதாக விமானிகள் எழுதியிருக்கிறார்கள். 1945 ஜனவரி 6, 7 தேதிகளில் வீசிய ஒரே புயலில் பல விமானங்கள் தொலைந்தன. காற்று விமானத்தைத் திசை மாற்றியும் கொன்றது. குன்மிங்கிலிருந்து மேற்கே திரும்பும்போது எதிர்க்காற்று வேகத்தைத் தின்றுவிடும். மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அசாம் சமவெளி வந்துவிட்டது என்று கணக்குப் போட்டு இறங்கினால் அங்கே மலை நிற்கும்.

மூன்றாவது மனிதர்களின் களைப்பும் அனுபவமின்மையும். பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆனவர்கள் ஓட்டினார்கள். ஒரே நாளில் போய் வந்து மறுபடி கிளம்பியவர்களும் உண்டு. இந்த மூன்றும் ஒரே இரவில் சேரும்போது என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மலை எவ்வளவு உயரம் என்று தெரியும்தானே? அதற்கும் மேலே பறக்க வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியை மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. இன்றைய பயணி விமானம் 35,000 அடியில் போகிறது. அன்றைய சி-47 சரக்கு விமானம், முழுப் பாரத்தோடு அந்த முகடுகளைத் தாண்டுவதற்கே மூச்சு வாங்கியது. உள்ளே காற்றழுத்தம் சமன் செய்யப்பட்டிருக்காது. ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

எஞ்சின் இரண்டில் ஒன்று நின்றால் சுமையேற்றிய விமானத்தால் அந்த உயரத்தில் நிற்க முடியாது, மெல்ல இறங்கத்தான் செய்யும். சமவெளியில் அது பிரச்சினையே இல்லை. இங்கே இறங்கும் பாதையில் மலை இருக்கிறது. அப்போது சரக்கை வெளியே தள்ளுவார்கள். அதுவும் போதாவிட்டால் பாராசூட்.

இவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை?

நிறுத்தினால் சீனா போரிலிருந்து விழுந்துவிடும் என்று நேச நாடுகள் அஞ்சின. சீனாவில் சிக்கியிருந்த பெரும் ஜப்பானியப் படை வேறு முனைகளுக்குத் திரும்பியிருக்கும். 1944 செப்டம்பரில் வில்லியம் டன்னர் என்ற தளபதி பொறுப்பேற்று, பராமரிப்பையும் பறக்கும் ஒழுங்கையும் திருத்தினார். விபத்து விகிதம் வெகுவாகக் குறைந்தது, சரக்கின் அளவோ கூடியது. 1945 ஜூலையில் மட்டும் 71,000 டன் போனது. மூன்றாண்டுகள் கழித்து பெர்லின் நகரத்துக்கு வான்வழியாக உணவும் நிலக்கரியும் கொண்டுபோன முயற்சியை நடத்தியவரும் இவரே.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த ஒழுங்கு ஈராண்டு முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பாராசூட்டில் குதித்தவர்கள் பிழைத்தார்களா?

பலர் பிழைத்தார்கள். 1943 ஆகஸ்ட் 2 அன்று நாகா மலைகளின் மேல் ஒரு சி-46 விமானத்தின் எஞ்சின் நின்றது. அதில் 21 பேர். சிபிஎஸ் வானொலியின் செய்தியாளர் எரிக் செவரைடும், ஜான் டேவிஸ் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரியும் அவர்களில் அடக்கம். துணை விமானி இறந்தார், மற்ற 20 பேரும் உயிருடன் தரையிறங்கினார்கள். காயமடைந்தவர்களைப் பார்க்க டான் ஃபிளிக்கிஞ்சர் என்ற ராணுவ மருத்துவர், இரண்டு உதவியாளர்களோடு தாமும் அந்தக் காட்டுக்குள் குதித்தார். நடந்துதான் வெளியே வர முடியும் என்று தெரிந்தே குதித்தார். மொகொக்சுங்கிலிருந்து வந்த பிலிப் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியும் நாகா மக்களும் அவர்களை வெளியே அழைத்து வந்தார்கள். விழுந்த நாளிலிருந்து மூன்று வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது. முறையான தேடல் மீட்புப் பிரிவு அமைந்தது இதற்குப் பிறகுதான்.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஐந்து பேர் கொண்ட ஒரு குழு வழி தவறி, எரிபொருள் தீர்ந்து இருட்டில் குதித்தது. கீழே இருந்தது திபெத். ஐந்து பேரும் பிழைத்து, லாசா நகரத்துக்குப் போய், அங்கிருந்து இமயமலையைக் கடந்து இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

மலைவாழ் மக்கள் அவர்களைக் கொன்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டோமே?

தலை வேட்டை வழக்கம் நாகா மலைகளின் சில பகுதிகளில் அப்போது இருந்தது உண்மை. விமானிகளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நடந்தது வேறு. நாகா, கச்சின், லிசு, மிஷ்மி, ஆதி மக்கள் தங்களுக்கே போதாத காலத்தில் முன்பின் தெரியாத அயலாருக்குச் சோறு போட்டு, காயத்துக்கு மருந்து கட்டி, தோளில் சுமந்து கொண்டுவந்து விட்டார்கள். விமானிகள் தங்கள் உடுப்பில் ஒரு துணி வைத்திருப்பார்கள். ‘இவர் நண்பர், உதவி செய்தால் வெகுமதி உண்டு’ என்று பல மொழிகளில் அதில் அச்சிட்டிருக்கும். எழுத்தே இல்லாத மொழி பேசும் ஊர்களில் அந்தத் துணிக்கு என்ன பயன்? உதவியவர்களில் பலர் உதவியது அதைப் படித்ததால் அல்ல.

மேலே சொன்ன 1,200 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் நினைவுதான் வருகிறது. இவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

எண்பது ஆண்டுகள் ஆகியும் கண்டுபிடிக்க முடியவில்லையா? செயற்கைக்கோள் எல்லாம் இருக்கிறதே?

2019 ஜூன் 3 அன்று இந்திய வான்படையின் ஏ.என்.-32 விமானம் ஒன்று ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்தில் உள்ள மெச்சுகாவுக்குக் கிளம்பியது. 13 பேர். கிளம்பிய நேரம் தெரியும், வழி தெரியும். ஹெலிகாப்டர்கள், சுகோய் விமானங்கள், கடற்படையின் தேடல் விமானம், இஸ்ரோவின் செயற்கைக்கோள்கள் எல்லாம் தேடின. சிதைவுகள் கண்ணில் பட எட்டு நாட்கள் ஆயின. உடல்களைக் கீழே கொண்டுவர அதற்கு மேலும் நாட்கள் பிடித்தன. யாரும் பிழைக்கவில்லை. இன்றைய நிலை இது என்றால், 1944-இல் கடைசி வானொலிச் செய்தியோடு மறைந்த விமானத்தின் கதையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அளவைப் பணியில் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். அந்தக் காட்டில் மேலே மரக்கூரை, அதன் கீழே மூங்கில், அதற்கும் கீழே இடுப்பளவு செடி. பத்தடி தள்ளி நிற்கும் சக ஊழியரைக் குரலால்தான் கண்டுபிடிப்போம். சரிவுகள் நிலையாக இருப்பதில்லை. மழைக்காலம் முடிந்து திரும்பிப் போனால், நாங்கள் கல் நட்டுக் குறித்த இடமே ஆற்றுக்குள் போயிருக்கும். 1950 ஆகஸ்ட் 15 அன்று 8.6 அளவில் வந்த அசாம் நிலநடுக்கம் மிஷ்மி, சியாங் மலைகளில் முழுச் சரிவுகளையே உருட்டிவிட்டது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் விழுந்தவற்றில் சில அந்த மண்ணுக்கடியில் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அப்படியானால் இப்போது கிடைப்பவை எப்படிக் கிடைக்கின்றன?

பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் மூலமாக. ஊரிலிருந்து மூன்று நாள் நடை தூரத்தில் பொறி வைக்கப் போகிறவர் ஒரு இறக்கையைப் பார்த்திருப்பார். அவருடைய அப்பாவும் பார்த்திருப்பார். அவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல. வெளியிலிருந்து யாரும் வந்து கேட்காததால் சொல்லவில்லை.

அப்படி வந்து கேட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ். ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் பேசி, அவர்களையே வழிகாட்டியாகக் கொண்டு மலையேறி, இருபதுக்கும் மேற்பட்ட விபத்து இடங்களைப் பதிவு செய்திருக்கிறார். 2006 டிசம்பரில் மேல் சியாங்கில் டாம்ரோ கிராமத்துக்கு அருகே அவர் கண்டது ‘ஹாட் அஸ் ஹெல்’ என்று பெயரிடப்பட்ட லிபரேட்டர். 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சபுவாவுக்கு எட்டு பேருடன் கிளம்பியது. டாம்ரோ, சபுவாவுக்கு வடக்கே நூறு கி.மீ.க்கும் மேல். காற்று திசை மாற்றிக் கொல்லும் என்று முன்பு எழுதினேனே, இந்த இரண்டு இடங்களையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

துருப்பிடித்த ஒரு துண்டைப் பார்த்து எந்த விமானம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் ஒரு திருத்தம். விமானத்தின் உடல் அலுமினியக் கலவை, அது இரும்பைப்போல் துருப்பிடிக்காது. எண்பது ஆண்டுகள் மழையில் கிடந்தும் தகடு வெளுத்துப்போய் அப்படியே இருக்கும். எஞ்சினில் உள்ள எஃகுப் பாகங்கள்தாம் செம்பழுப்பாக உதிரும்.

எஞ்சின் கிடைத்தால் வேலை எளிது. சிலிண்டர்களை எண்ண வேண்டும். வட்டமாக இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு என்று 14 இருந்தால் சி-47 அல்லது லிபரேட்டர் வகையாக இருக்கலாம். வரிசைக்கு ஒன்பது என்று 18 இருந்தால் சி-46 பக்கம் யோசிக்கலாம். அப்புறம் எத்தனை எஞ்சின் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். சி-47-க்கு இரண்டு, லிபரேட்டருக்கு நான்கு.

இதெல்லாம் வகையைத்தான் சொல்லும். குறிப்பிட்ட விமானத்தைச் சொல்வது எண். வால் பகுதியில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணில், விமானம் வாங்க ஒதுக்கப்பட்ட நிதியாண்டின் கடைசி இலக்கம் முதலில் வரும். ‘ஹாட் அஸ் ஹெல்’ விமானத்தின் பதிவு எண் 42-73308. வாலில் 273308 என்று இருக்கும். வால் எரிந்து போயிருந்தால் எஞ்சின் மேல் பொறித்த எண், இயந்திரத் துப்பாக்கியின் எண். 1943 முதல் அமெரிக்கப் படை, தொலைந்த ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அறிக்கை தயாரித்தது. அதில் விமானக் குழுவின் பெயர்களோடு எஞ்சின் எண்களையும் துப்பாக்கி எண்களையும் எழுத இடம் இருந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பொறுமையாகத் தட்டச்சு செய்த அந்த எண்கள்தாம் இன்று எட்டு பேரின் பெயர்களை மலையிலிருந்து திருப்பித் தருகின்றன.

உடல்கள் அங்கேயே இருக்குமா?

முழு உடலாக இராது. வேகமாக மோதி எரிந்த விபத்துகளில் மிஞ்சுவது சிறு எலும்புத் துண்டுகளும் பற்களும். ஈரமான, அமிலத்தன்மை உள்ள மண் எலும்பை மெல்ல அரித்துவிடும். பல் கூடுதல் காலம் தாங்கும்.

அதனால்தான் தேடுபவர்கள் நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்து, மண்ணை வாளி வாளியாக அள்ளிச் சல்லடையில் சலிக்கிறார்கள். சட்டைப் பொத்தானும் காலணியின் கண்ணியும் கூட எந்தச் சதுரத்தில் கிடைத்தன என்று குறிக்கப்படும். விமானத்தில் யார் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதை அது சொல்லக்கூடும்.

கிடைத்த எலும்பு யாருடையது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்காவில் போரில் காணாமற்போனவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பாதுகாப்புத் துறை முகமை இருக்கிறது. அதன் ஆய்வகம் ஹவாய்த் தீவில் உள்ளது. பல் பதிவுகள், எலும்பின் அளவு, கழுத்தில் அணிந்த அடையாளத் தகடு ஆகியவற்றோடு மரபணுச் சோதனையும் நடக்கும். பழைய எலும்பில் பெரும்பாலும் தாய்வழி மரபணுதான் எடுக்க முடிகிறது. அதை ஒப்பிட, இறந்தவரின் அம்மா வழியில் வந்த ஒருவர் வேண்டும். உடன்பிறந்த சகோதரி, அவருடைய பிள்ளைகள், அந்தச் சகோதரியின் மகளின் பிள்ளைகள். இறந்தவரின் சொந்த மகனோ மகளோ இருந்தாலும் இந்தச் சோதனைக்கு உதவ மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வந்தது அவர்களுடைய தாயின் வழி.

‘ஹாட் அஸ் ஹெல்’ கிடந்த இடத்தில் 2015-இல் அகழ்ந்தார்கள். கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து ராணுவ மரியாதையுடன் அனுப்பப்பட்டன. 2017-இல் அக்குழுவில் ஒருவர் அடையாளம் காணப்பட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறையில், காணாமற்போனோர் சுவரில் அவர் பெயர் இருக்கிறது. ஒருவர் கிடைத்துவிட்டால் அங்கே பெயரை அழிப்பதில்லை. பக்கத்தில் சிறிய வெண்கலப் பூ ஒன்றைப் பதிக்கிறார்கள்.

விமானத்தில் தங்கம் இருந்ததாமே?

தேடிப் போகலாமா என்ற எண்ணத்தோடுதான் இதைப் பெரும்பாலோர் கேட்கிறார்கள். சீனாவுக்குப் போன சரக்கில் பாதிக்கு மேல் பெட்ரோலும் எண்ணெயும். மீதி குண்டு, தோட்டா, ஜீப், உதிரிப் பாகம், மருந்து. சீன அரசுக்காக வெளிநாட்டில் அச்சிட்ட பணத்தாள்களும் போயின. திரும்பி வரும்போது டங்ஸ்டன், தகரம், தூரிகை செய்யப் பன்றி மயிர். புதையல் ஆசையில் தோண்டினால் நீங்கள் கலைப்பது ஒருவருடைய கல்லறையை. முன்பு சொன்ன சதுரங்களையும் சல்லடையையும் நினைத்துப் பாருங்கள். ஒருமுறை கலைந்த இடத்திலிருந்து அந்தத் தகவலைத் திரும்ப எடுக்க முடியாது.

ஊர்க்காரர்களே தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனார்களே, அது மட்டும் சரியா?

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் கோபப்படுத்தும். ஆனாலும் நேர்மையான கேள்விதான். ஒரு முறை மழைக்கு ஒதுங்கிய ஒரு வீட்டில், அடுப்புக்கு மேலே இறைச்சி உலர்த்தும் பரணின் ஒரு பக்கம் உலோகத் தகடாக இருந்தது. புகை படிந்து கறுத்திருந்தது. விளிம்பில் ஒரே இடைவெளியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ரிவெட் அடித்த ஓட்டைகள். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட வீட்டுப் பெரியவர், விரல் நுனியால் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, தம் தந்தை இரண்டு நாள் சுமந்து வந்த தகடு என்று சொன்னார். அங்கே மனித எலும்பு இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். அப்பா கற்களை அடுக்கி மூடிவிட்டு வந்தாராம்.

இரும்பும் அலுமினியமும் முதுகில் சுமந்தால்தான் கிடைக்கும் ஊர் அது. தகட்டில் பாத்திரம் செய்தார்கள், கத்திக்கு உறை செய்தார்கள். யாரென்றே தெரியாதவனுக்குக் கல் அடுக்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்பதற்காக வெளியூரிலிருந்து வந்து அள்ளுகிறவர்களை அவரோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அந்தப் பகுதியில் காந்த சக்தி, மர்ம ஏரி எல்லாம் இருக்கிறதாமே?

பங்சாவ் கணவாய்க்கு அப்பால் மியான்மரில் ‘திரும்பி வராத ஏரி’ என்று ஓர் ஏரி இருக்கிறது. பெயர் வந்த விதத்துக்கு ஊருக்கு ஒரு கதை. ஒரு கதையில் விமானம் இறங்குகிறது, இன்னொன்றில் படைவீரர்கள் மூழ்குகிறார்கள்.

கருவிகள் தவறாகக் காட்டியது உண்மை, அதற்கு விளக்கமும் உண்டு. அன்றைய வானொலித் திசைகாட்டியின் முள், தரையிலிருந்து வரும் வானொலி அலையை நோக்கித் திரும்பும். அருகே இடி மின்னல் இருந்தால் அந்த மின்னலின் இரைச்சலை நோக்கித் திரும்பிவிடும். ஊருக்கு வழிகாட்டும் என்று நம்பிய முள், புயலின் நடுவுக்கு வழிகாட்டும். இதைவிடக் கொடுமையான மர்மக் கதை எனக்குத் தெரியாது.

பனிமலையில் விழுந்தவையும் இப்படித்தானா?

வேறு விதம். காடு மறைத்து வைக்கும், பனியாறு நகர்த்திக்கொண்டு போகும். போர்க்கால விமானம் இல்லை என்றாலும் நம் வான்படையின் ஏ.என்.-12 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே நகருக்குப் போய், வானிலை மோசமாகித் திரும்பும் வழியில் ரோத்தாங் கணவாய் அருகே 102 பேருடன் மறைந்தது. 2003-இல் மலையேற்றக் குழு ஒன்று சிதைவுகளைக் கண்டது. 2024 செப்டம்பரில் மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. 56 ஆண்டுகள் பனிக்குள் இருந்தவர்கள். பனியாறு தானாக இறங்கி வந்து ஒவ்வொருவராகத் தருகிறது, அதுவும் தன் வேகத்தில்.

சட்டப்படி அந்தச் சிதைவு யாருடையது?

பொதுவான நிலை: ராணுவ விமானம் எங்கே விழுந்தாலும் அதன் சொந்த நாட்டுக்கு அதன்மேலும் இறந்தவர்களின் எச்சங்கள்மேலும் உரிமைக்கோரல் உண்டு. நிலம் யாருடையதோ அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் எதையும் தொடவும் முடியாது. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா ராணுவ விமான விபத்து இடங்களையும் காக்கிறது, உரிமம் இல்லாமல் தோண்டினால் குற்றம். அருணாசலத்தில் எல்லை அரசியலும் சேர்ந்துகொள்கிறது. சீனா உரிமை கொண்டாடும் மாநிலம் என்பதால், அமெரிக்கக் குழுக்களின் தேடல் சில ஆண்டுகள் நின்றே போனது. மேலே சொன்ன லிபரேட்டர் 2006-இல் கண்டறியப்பட்டும் அகழ்வு 2015-இல்தான் நடந்தது. அந்த இடைவெளியில் காத்திருந்த சகோதரிகளுக்கெல்லாம் தொண்ணூறு வயது ஆகியிருக்கும், அல்லது அவர்கள் இல்லாமலே போயிருப்பார்கள்.

நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

பாசிகாட் நகரில் ‘ஹம்ப்’ அருங்காட்சியகம் 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. மலையிலிருந்து கொண்டுவந்த விமானப் பாகங்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வெளி மாநிலத்தார் அருணாசலத்துக்குள் நுழைய உள்கோட்டு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

விபத்து நடந்த இடத்துக்கே போவது வேறு காரியம். நாள்கணக்கில் செங்குத்தாக ஏற வேண்டும், அட்டை, மழை, கயிற்றுப் பாலம். ஊரார் சம்மதமும் வழிகாட்டியும் இல்லாமல் இறங்காதீர்கள். வெடிக்காத குண்டுகளும் தோட்டாக்களும் இன்னும் வெடிக்கக்கூடியவை.

நடக்கும்போது தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால்?

எடுக்காதீர்கள், புரட்டாதீர்கள். படம் எடுங்கள். முதலில் தூரத்திலிருந்து இடம் முழுவதும் தெரியும்படி, பிறகு எண் பொறித்த தகடு ஏதாவது இருந்தால் கிட்டத்தில். அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வையுங்கள். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எலும்பு தெரிந்தால் படம் எடுத்து எங்கும் பரப்பாமல் மாவட்ட நிர்வாகத்திடம் நேரில் சொல்லுங்கள்.

பிறகு கீழே உள்ள ஊரில் மூத்தவர் ஒருவரைக் கண்டுபிடித்து உட்கார்ந்து பேசுங்கள். அந்த இடத்துக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் தந்தை எப்போது பார்த்தார், மழைக்காலமா குளிர்காலமா, நெருப்பு தெரிந்ததா என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, அவர் ஒப்பினால் அவருடைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நான் அந்தப் பரணின் கீழே உட்கார்ந்திருந்த மாலையில், பெரியவரின் தந்தை பெயரைக் கேட்டு வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு போனபோது பெரியவர் இல்லை.